காப்பிக்கு முத்துப் போட்ட மலைகள்

மாத்தளை மலைகளில் காப்பி நோய் வந்து அழிந்தது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அது பாதிக் கதைதான். நோய் எந்தச் செடிக்கும் வரும். ஆனால் ஒரு மலையில் இருக்கும் செடிகள் அத்தனையும் ஒரே மூச்சில் சாவதில்லை. பத்துக்கு இரண்டாவது தாங்கி நிற்கும். இங்கே நிற்கவில்லை. அதற்கான காரணத்தைத் துரைமாரின் கடிதங்களிலும் தோட்டத்துக் கணக்குப் புத்தகங்களிலும் தேடிப் பயனில்லை. செடியின் நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அராபிக்கா காப்பிக்கு நிறமூர்த்தம் 44. காப்பிச் சாதியின் மற்ற இனங்களுக்கு 22. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ரொபஸ்டாவும் யூஜெனியோயிடெஸ் என்ற இன்னொரு காட்டுக் காப்பியும் கலந்தன. இரண்டினதும் நிறமூர்த்தங்கள் குறையாமல் அப்படியே ஒன்றுசேர்ந்து ஒரு புது இனம் பிறந்தது. 44 உள்ள பிள்ளை 22 உள்ள பெற்றோருடன் மறுபடி சேர்ந்தால் 33 வரும். அது பெரும்பாலும் மலடு. ஆகவே பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாத பிள்ளை அது. போதாததற்கு, அராபிக்காப் பூ தன் மகரந்தத்திலேயே தான் காய்த்துக்கொள்ளும். விதை போட்டு முளைத்தாலும் பிள்ளை தாயைப்போலவே இருக்கும். எத்தியோப்பியக் காட்டிலிருந்து ஏமனுக்குப் போனவை சில செடிகள். ஏமனிலிருந்து கப்பலேறி உலகத்துக்கு வந்தவை அவற்றிலும் சில. ஒவ்வொரு கடல் தாண்டலிலும் எதிருருக்கள், அதாவது ஒரே பரம்பரை அலகின் மாற்று வடிவங்கள், கழிந்துகொண்டே வந்தன. கண்டிச் சீமையில் மலை மலையாக நின்றது அந்த மிச்சத்தின் மிச்சம்தான்.

இதை நான் படித்தது எண்பதுகளின் தொடக்கத்தில், பேராதனையில், தாவரவியல் சிறப்புப் பட்டத்துக்கு. ஏ.எல். வரை தமிழில் படித்த பிறப்புரிமையியலும் கூர்ப்பும் அங்கே ஆங்கிலத்துக்கு மாறின. எங்கள் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களிலிருந்து அந்த வகுப்புவரை போனவர்கள் அன்றைக்கு மிகக் குறைவு. ஆய்வுகூடத்தில் பழ ஈக்கள். போத்தலுக்குள் மசித்த வாழைப்பழக் கூழ், வாயில் பஞ்சடைப்பு, ஈதர் வாடை. மயங்கிக் கிடக்கும் ஈக்களைத் தூரிகை நுனியால் புரட்டிப் புரட்டி, கண் சிவப்பா வெள்ளையா, ஆணா பெண்ணா என்று பிரிக்க வேண்டும். மயக்கம் தெளிந்து ஒன்றிரண்டு பறந்துவிட்டால் கணக்குப் பிசகும்.

அந்தப் பாடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது மெண்டலின் பட்டாணி இல்லை. பீற்றர் பூரி என்பவர் 1956இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை. 107 போத்தல்கள். ஒவ்வொன்றிலும் எட்டு ஆண், எட்டுப் பெண். கண்நிறத்தைக் காட்டும் ஓர் எதிருரு எல்லாப் போத்தலிலும் சரிபாதி. ஒவ்வொரு தலைமுறையிலும் கண்ணை மூடிக்கொண்டு பதினாறு ஈக்களை மட்டும் அடுத்த போத்தலுக்கு மாற்றினார். பத்தொன்பது தலைமுறை முடிந்தபோது 30 போத்தல்களில் அந்த எதிருரு இல்லாமலே போயிருந்தது. 28 போத்தல்களில் அது மட்டுமே இருந்தது. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. வலியது வென்றது என்று சொல்லவும் இடமில்லை. ஆட்கள் குறைவு, அவ்வளவுதான். குறைவான கூட்டத்தில் எது தங்கும் எது தொலையும் என்பது குருட்டு அதிர்ஷ்டம். பிறப்புரிமை நகர்வு என்று தமிழில் எழுதுவோம். எனக்கு அந்தப் போத்தல்களைப் பார்த்தபோது ஏமன் துறைமுகம்தான் நினைவுக்கு வந்தது.

அதற்கு முன்பே இந்தக் கதையை வேறு வாயால் கேட்டிருந்தேன். ரத்தோட்டைக்கு மேலே தோட்டத்து லயத்தில் இருந்த என் அப்பாயி காப்பிக் காலத்தைக் கண்டவரல்ல. அவருக்குப் பெரியவர்கள் சொன்னதைச் சொல்வார். “காப்பிக்கு முத்துப் போட்டுருச்சும்மா. எல எலயா முத்து. ஆத்தாளுக்குப் பொங்க வச்சுப் பாத்தாக, ஒண்ணும் ஆவல.” அம்மை கண்ட உடம்பைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு வருஷம் தவறாமல் போகிற மனுஷி, வேறெப்படிச் சொல்வார்?

முத்து என்பது தப்பில்லாத வர்ணனை. மாத்தளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் இன்றும் வேலியோரத்தில் நாலு காப்பிச் செடி நிற்கும். மழை விட்ட காலத்தில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் செம்மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாகத் தூள். பெருவிரலால் தொட்டால் மஞ்சள் குங்குமம்போல ஒட்டிக்கொள்ளும். மேற்பக்கம் அதே இடத்தில் வெளிறிய வட்டம். பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலை உதிரும். இலையில்லாத செடி காயை வளர்க்க முடியாமல் அடுத்த ஆண்டு கிளைகளைக் காயவிடும். ஒரே அடியில் கொல்லாது, சில ஆண்டுகள் பட்டினி போட்டுக் கொல்லும். துரைமார் முதலில் அசட்டையாக இருந்ததற்கும், உரத்தைக் கொட்டிச் சமாளிக்கலாம் என்று நம்பியதற்கும் அதுவே காரணம்.

இந்தத் துருநோய் இலங்கையில் முதலில் தென்பட்டது 1869இல், பதுளைக்கு அப்பால் மடுல்சீமையில். பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் ஜோர்ஜ் துவைற்ஸ் நோய்பட்ட இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பூஞ்சையியலாளர்களான பேர்க்லியும் புரூமும் அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இலங்கைக்கு வந்தார். இரண்டு ஆண்டு தங்கி, கண்ணாடித் தகட்டில் கிளிசரின் பூசித் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்து எண்ணினார். பூஞ்சை எங்கிருந்து முளைக்கிறது, இலைக்குள் எந்த வழியாகப் போகிறது, எத்தனை நாளில் மறுபடி தூளைக் கொட்டுகிறது என்பதெல்லாம் தெளிவாயிற்று. மருந்துதான் கிடைக்கவில்லை. காற்றடிக்கும் திசையெல்லாம் ஒரே பயிர் தடையில்லாமல் நின்றதே கேட்டுக்குக் காரணம் என்று அவர் சரியாகவே பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பயிர் உள்ளுக்குள்ளும் ஒன்றே என்பதைச் சொல்ல அவர் கையில் கருவி இல்லை. மெண்டலின் கட்டுரை 1866இலேயே அச்சாகி, 1900வரை யாரும் பொருட்படுத்தாமல் கிடந்தது.

1870களின் பிற்பகுதியில் இலங்கையில் இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரில் காப்பி நின்றது. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். காப்பி மூடைகளை நம்பிப் போட்ட பாதை அது. தண்டவாளம் வந்து சேர்ந்தபோது ஏற்றுவதற்குக் காப்பி குறையத் தொடங்கிவிட்டது. சரித்திரத்தில் இப்படிக் கேலிகள் நிறைய, இருந்தாலும் மாத்தளை ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும். அதற்குப் பிறகு தண்டவாளம் ஓர் அங்குலமும் நீளவில்லை. பாதை மாத்தளையோடு முடிகிறது.

அதற்கு முன்னால் வந்த பாதை வேறு. மன்னார்க் கரையில் தோணி இறங்கி, காடு வழியாகத் தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை என்று எங்கள் ஆட்கள் நடந்து வந்த பாதை. இன்றைக்கு ஏ9 வீதியில் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாக நிற்கும் அதே தடம்தான் தெற்கே. வாந்திபேதியிலும் பசியிலும் வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தங்க வரவில்லை. காப்பிக்கு ஆள் வேண்டியது அறுவடைக்கு, ஆண்டில் சில மாதம். பழம் பறித்து முடிந்ததும் கூலியை முடிந்துகொண்டு திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் சேலத்துக்கும் நடந்து திரும்பினார்கள். தேயிலை அப்படியில்லை. ஆண்டு முழுக்கக் கொளுந்து வரும், வாராவாரம் பறிக்க வேண்டும், பெண்களின் கை வேண்டும். கங்காணிமார் குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்தது தேயிலைக்குத்தான். லயங்கள் நிலையான குடியிருப்பானதும் அப்போதுதான். காப்பி செத்திராவிட்டால் எங்களில் பாதிப்பேர் இங்கே பிறந்திருக்க மாட்டோம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து “நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டபோது, அதற்குப் பதில் சொல்லவேண்டிய நிலைக்கு எங்களைக் கொண்டுவந்தவர்கள் வரிசையில் ஒரு பூஞ்சைக்கும் இடமுண்டு. அரசியல் பேசுகிறவர்கள் இதைச் சிரித்து ஒதுக்குவார்கள், ஒதுக்கட்டும்.

மறுபடி காப்பிச் செடிக்கு வந்தால், அந்த 33 என்ற மதிலை ஒரு செடி தாண்டியது. 1927இல் தீமோர்த் தீவில் அராபிக்காத் தோட்டம் ஒன்றில் துருநோய் தொடாத மரம் ஒன்று கண்ணில் பட்டது. ரொபஸ்டாவின் மகரந்தம் ஒன்று வழக்கம்போல் பாதியாகக் குறையாமல் 22ஐயும் முழுதாகக் கொண்டுவந்து அராபிக்காவின் 22உடன் சேர்ந்திருக்கிறது. பிள்ளைக்கு 44, மலடில்லை. இன்றைக்கு உலகத்தில் துருநோயைத் தாங்கும் காப்பி வகைகளில் பெரும்பங்கு அந்த ஒற்றை மரத்தின் வழித்தோன்றல். மைசூர்ப் பக்கம் பாலெஹொன்னூரில் மெய்ன் என்பவர் 1930களில் பூஞ்சையிலும் பல இனப்பிரிவுகள் இருப்பதைக் காட்டினார். செடி ஒரு பூட்டுப் போட்டால் பூஞ்சை ஒரு திறவுகோல் செய்துகொள்கிறது. இலங்கைக்கு இவையெல்லாம் காலம் கடந்த செய்தி.

காப்பி போன இடத்தில் மாத்தளை எல்லாவற்றையும் முயன்று பார்த்தது: கொக்கோ, ரப்பர், ஏலம், தேயிலை, மிளகு. நுவரெலியாப் பக்கம்போல முழுக்கத் தேயிலையாகாமல் போனது இந்த மாவட்டத்தின் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். கொக்கோவுக்கு மாத்தளையும் தும்பறைப் பள்ளத்தாக்கும்தான் இலங்கையில் தாய்வீடு. வாரியபொலைத் தோட்டத்துக் கொக்கோவுக்கு ஒரு காலத்தில் பெரிய பெயர். 1830களில் ட்ரினிடாடிலிருந்து கொண்டுவந்த கிரியோலோ இனம், ‘பழைய சிலோன் சிவப்பு’ என்று வழங்கியது. வாசனை அபாரம், இலண்டனில் விலை அதிகம், உடம்பு நோஞ்சான். 1890களில் தண்டில் கருஞ்சிரங்கு கண்டது. பேராதனை விஞ்ஞானிகள் வந்து பார்த்தார்கள், பட்டையைச் சுரண்டச் சொன்னார்கள். தோட்டங்கள் வேறு வழி பார்த்தன: முரட்டு இனமான பொரஸ்டெரோவையும் இரண்டும் கலந்தவற்றையும் நட்டன. இதே நாடகம் ட்ரினிடாடிலேயே ஒருமுறை நடந்திருக்கிறது. 1727இல் அங்கே கிரியோலோ அழிந்து, பிறகு கொண்டுவந்த பொரஸ்டெரோவுடன் மிச்சம் கலந்து ட்ரினிடாரியோ பிறந்தது.

ஆசிரியையாக இருந்த காலத்தில் ஏ.எல். பிள்ளைகளுக்கு மெண்டலைச் சொல்லிக்கொடுக்க நான் பட்டாணியைத் தேடிப் போனதே இல்லை. நல்ல கலப்பு மரத்துக் கொக்கோப் பழம் ஒன்று போதும். கத்தியை நெடுக்காக விடாமல் குறுக்கே போட்டுப் பிளக்க வேண்டும். வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள் வரிசையாக இருக்கும். சதையை வழித்து, கொட்டையை ஒவ்வொன்றாக நடுவில் வெட்டினால், சிலவற்றின் உள்ளே தந்த வெள்ளை, சிலவற்றில் கத்தரிப்பூ ஊதா, சிலவற்றில் இரண்டுக்கும் நடுவே வெளிறிய ஊதா. ஒரே பழம், ஒரே தாய். கொட்டைக்குள் இருப்பது தாயின் உடம்பல்ல, அடுத்த தலைமுறையின் வித்திலை. அதனால் பிள்ளைகளின் நிறம் தாயின் பழத்துக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. கிரியோலோவின் வெள்ளை பெரும்பாலும் பின்னிடைவானது, பொரஸ்டெரோவின் ஊதா ஆட்சியுடையது. மேசையில் பிரித்து அடுக்கிப் பார்த்தால் பாடம் தானாக நடக்கும். கை முழுக்கப் பிசுபிசுக்கும், சதையைப் பிள்ளைகள் வழித்துத் தின்பார்கள், அதிபர் முகம் சுளிப்பார். கொழும்பில் கொக்கோத் தரகர்களும் இதே மாதிரிதான் கொட்டையை வெட்டிப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். மெண்டலின் பெயர் தெரியாமலே அவர்கள் எதிருருக்களுக்கு விலை போட்டிருக்கிறார்கள்.

பயிரை விட்டு இனிக் காட்டுக்கு: ஓர் ஓணான். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்காடுகளில், ரிவர்ஸ்டன் தாண்டிக் குளிரும் பனிமூட்டமும் தொடங்குமிடத்தில் இருப்பது. மூக்கு நுனியில் தட்டையான, இலைபோன்ற சதைக் கொம்பு. இதன் பெயர் செராட்டோபோரா டெனென்டி, பெயரிட்ட ஆண்டு 1861. டெனென்ட் யார் என்று தேடினால் 1848க்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனென்ட் 1845இலிருந்து 1850வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளர். நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி, வீதிக்கு உடலுழைப்பு என்று 1848இல் போட்ட சுமை அவர் காலத்ததுதான். அதற்கு முன்பே காடு முடிக்குரியது என்று சட்டம் போட்டுக் காப்பிக்கு விற்றாகிவிட்டது. 1848 ஜூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கிளர்ச்சிக்காரர்கள் கொங்காலேகொட பண்டாவுக்கு அரசனாக முடிசூட்டினார்கள். இரண்டொரு நாளில் கூட்டம் மாத்தளைக்குள் நுழைந்தது. ஓகஸ்ட் 8இல் கண்டியில் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவை ஆங்கிலேயர் சுட்டுக்கொன்றார்கள். மாத்தளையில் இன்று புரன் அப்புவுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மேலே காட்டில் டெனென்டின் பெயரை ஓர் ஓணான் மூக்கில் சுமந்துகொண்டு திரிகிறது.

டெனென்ட் நல்ல நிர்வாகியா என்பதைச் சரித்திரக்காரர்கள் முடிவு செய்யட்டும். உயிரினங்களை உற்றுப் பார்க்கத் தெரிந்த மனுஷன். இலங்கையைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1859இல் வந்தது, டார்வினின் நூல் வந்த அதே ஆண்டு. பிடிபட்ட யானைகள் கண்ணீர் விட்டதாக அவர் எழுதியதை டார்வின் பிற்பாடு தம் நூலில் எடுத்தாண்டார். துவைற்ஸும் டார்வினுக்குக் கடிதம் எழுதியவர். இயற்கைத் தேர்வைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்ளாமல் வாதாடி, பிறகு மெல்ல இணங்கியவர். அந்தத் துவைற்ஸ்தான் நோய்பட்ட காப்பி இலையையும் தபாலில் அனுப்பினார். கூர்ப்பு என்ற எண்ணம் இந்த மலைக்கு வந்தது பல்கலைக்கழகத்தோடு அல்ல.

அந்த ஓணான் சாதி முழுக்க இலங்கைக்கே உரியது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து இனத்துக்குக் கொம்பு கூராக, முள்போல இருக்கும். நக்கிள்ஸ் இனத்துக்குத் தட்டை. பார்த்தால் ஒரே பாட்டனின் கொம்பு வழிவழியாக மாறி வந்ததுபோலத் தோன்றும். 2002இல் வெளியான டிஎன்ஏ ஆய்வு வேறு சொன்னது: கொம்பு இந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தனித்தனியாக முளைத்திருக்கிறது.

டிஎன்ஏயிலிருந்து வம்சத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் நான் அலுவிகாரையைக் காட்டுவேன். மாத்தளை நகருக்கு வெளியே இருக்கும் அந்தக் குகை விகாரையில்தான், கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில், வாய்வழி வந்த பௌத்த நூல்களை ஓலையில் எழுதினார்கள் என்பது மரபு. ஓலை சில நூற்றாண்டு தாங்கும், பிறகு பிரதி எடுக்க வேண்டும். பிரதி எடுப்பவன் ஓரிடத்தில் பிழை விட்டால், அவன் ஏட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் எல்லாரிடமும் அந்தப் பிழை இருக்கும். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடிப் பாடபேதம் பார்த்ததை இவர்களுக்குத் தமிழ்ப் பாடத்திலேயே சொல்லியிருப்பார்கள். ஒரே பிழையைப் பகிரும் ஏடுகள் ஒரே மூல ஏட்டின் பிள்ளைகள். சரியாக இருக்கும் வரி எதையும் காட்டிக்கொடுக்காது. டிஎன்ஏயில் விகாரங்களை ஒப்பிடுவதும் அதே வேலைதான். கணினி செய்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

நக்கிள்ஸுக்கும் நுவரெலியா மலைகளுக்கும் நடுவே மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. குளிரில் வாழும் பிராணிக்குப் பள்ளத்தாக்கின் வெக்கை கடல் மாதிரி, தாண்ட முடியாது. 2006இல், நுவரெலியாப் பக்கத்தில் இருக்கும் வால்சுருட்டி ஓணானும் நக்கிள்ஸில் இருப்பதும் ஒன்றல்ல என்று பிரித்து, பிந்தியதற்குக் கொஃபோடிஸ் தும்பறா என்று பெயர் வைத்தார்கள். பனியுகத்தில் கடல் 120 மீட்டர் தாழ்ந்து பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தபோதும், இலங்கையின் ஈரமலைப் பிராணிகள் பலவும் தென்னிந்தியாவோடு கலந்துவிடவில்லை என்பதை 2004இல் ஃபிராங்கி பொசுயிட்டும் கூட்டாளிகளும் காட்டினார்கள். நடுவில் இருந்தது வறண்ட சமவெளி. மன்னாரிலிருந்து மாத்தளைவரை எங்கள் ஆட்களை வதைத்த அதே வறள்காடு, தவளைக்கும் நண்டுக்கும் மதிலாக இருந்திருக்கிறது.

இந்தக் காடுகளை வகைபிரித்து எழுதியவர்களில் பேராதனைத் தாவரவியல் துறையின் எஸ். பாலசுப்பிரமணியம் முக்கியமானவர். 2000இல் நக்கிள்ஸைப் பாதுகாப்புக் காடாக அறிவித்தார்கள், 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்ந்து உலக மரபுரிமையானது. ஏலக்காடுகள் போயின. ஏலம் போட்டுப் பிழைத்தவர்களின் மனத்தாங்கல் ஓயவில்லை, அது தனிக்கட்டுரை.

லக்கலைப் பக்கம் களு கங்கையில் ஒரு மீன். கரும்பொட்டுகளும் இழை இழையாக நீண்ட முதுகுச் செட்டையும் உள்ள கெண்டைச் சாதி. ரணில் சேனாநாயக்க 1985இல்தான் அதைத் தனி இனமென்று விவரித்தார், இப்போதைய பெயர் டோக்கின்சியா சிறிலங்கென்சிஸ். ஊரவர்கள் அதற்கு முன்பும் பிடித்துக் குழம்பு வைத்திருப்பார்கள், அது வேறு. உலகத்திலேயே அந்த ஆற்றுப் பக்கம் மட்டும் இருக்கிற மீன். 2018இல் மொரகஹகந்தையும் களு கங்கை அணையும் திறந்தார்கள். பழைய பள்ளேகம ஊர் நீருக்குள் போனது, மக்களுக்குப் புது நகரம் கட்டினார்கள். வடமத்திக்கு நீர் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடும் நீரில் கூர்ப்படைந்த மீனுக்குத் தேங்கிய குளம் வீடாகாது. எஞ்சும் கூட்டம் அணைக்கு மேலே துண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும். பூரியின் போத்தல்கள்தான் மறுபடியும்.

மாத்தளை நகரத்திலேயே ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1972இல் சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கென்று தொடங்கிய திணைக்களம். மிளகுக் கலப்பினம் உண்டாக்குவது எப்படி என்று அருகிருந்து பார்த்தால் பொறுமைக்குப் பெயர் தெரியும். மிளகின் பூங்கதிர் விரல் நீளம். அதில் கடுகிலும் சிறிய பூக்கள் நெருங்கி நிற்கும். காட்டுக் கொடியில் ஆண் வேறு பெண் வேறு. நாம் வளர்க்கும் கொடியில் ஒரே பூவில் இரண்டும். அந்தப் பூவில் சூலகமுடி முதலில் விரியும், மகரந்தப் பை சில நாள் கழித்து. அந்த இடைவெளிக்குள் கதிரை உறையிட்டு மூடி, வேறு கொடியின் மகரந்தத்தை நீரில் கரைத்துத் தூரிகையால் தொட்டுவிட வேண்டும். மழையில் அதே கொடியின் தூள் வழிந்து வந்துவிட்டால் பாடு வீண். விதை முளைத்து, கொடி ஏறி, காய்த்து, கணக்கெடுக்கச் சில ஆண்டு. நல்லது என்று தெரிந்த பிறகு தண்டு வெட்டிப் பெருக்கிக்கொள்ளலாம்.

உலகில் இந்த வேலையில் முந்தியது கேரளம். தளிப்பறம்புக்குப் பக்கத்தில் பன்னியூரில் உதிரங்கொட்டையையும் செறியகாணியக்காடனையும் சேர்த்து உண்டாக்கிய பன்னியூர்-1, 1971இல் வெளிவந்தது. அது இங்கேயும் வந்து ஏறியது. பிறகு இலங்கைத் திணைக்களம் வெளியிட்ட கலப்பினங்களின் பெயர்களைக் கேட்டால் சரித்திரம் படித்தவர் நிமிர்ந்து உட்காருவார்: டிங்கிரால, கொஹுகும்புரே ரால, புட்டாவே ரால. பின்னைய இரண்டும் 1818 ஊவா-வெல்லஸ்ஸை எழுச்சித் தலைவர்களின் பெயர்கள். டிங்கிரால, 1848இல் கொங்காலேகொட பண்டாவோடு நின்றவரின் பெயர். கிளர்ச்சிக்காரர்கள் முள்முருங்கை மரத்தில் கொடியாக ஏறி நிற்கிறார்கள், கிலோவுக்கு விலையும் போகிறார்கள்.

தேயிலையைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றுதான். காப்பிக்கு நேர் எதிர்ச் சுபாவம் அதற்கு. தேயிலைப் பூ தன் மகரந்தத்தை ஏற்காது. வேறு செடியின் தூள் வந்தால்தான் விதை பிடிக்கும். அதனால் விதைத் தேயிலை மலையில் ஒரு செடி மாதிரி மறு செடி இருக்காது. ஒன்றின் கொளுந்து மஞ்சள் படிந்தது, ஒன்று ஊதா, ஒன்று சீக்கிரம் வங்கி ஆகும் (குருத்து விடாமல் உறங்கும்), ஒன்று கவ்வாத்துக்குப் பிறகு சுணங்கும். பறிக்கிற பெண்களுக்கு எந்தச் செடி எப்படி என்று தெரியும். 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தபோது துரைமாருக்கு 1869 நினைவு வந்து வயிறு கலங்கியது. செம்பு மருந்து தெளித்தார்கள், தேயிலை தாக்குப்பிடித்தது. மருந்துக்குப் பெரிய பங்குண்டு. செடிக்குச் செடி தாங்கும் சக்தி வேறுபட்டிருந்ததும் உதவியது.

பிறகு 1950களின் இறுதியில் மறுநடுகைக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது, வீபீ வந்தது. தாய்ச்செடியிலிருந்து இலையோடு ஒரு கணு வெட்டி, நர்சரிப் பையில் வேர் பிடிக்கவைத்து நடும் தேயிலை. தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் டிஆர்ஐ 2025 போன்ற தெரிவுகள் மலை மலையாகப் போயின. விளைச்சல் விதைத் தேயிலையைவிட மிகக் கூடுதல். பறிக்கிற கைக்கும் சுலபம், எல்லாச் செடியும் ஒரே நாளில் கொளுந்து விடும். அதை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரு தாய்ச்செடியின் துண்டுகள் ஒரு மலை முழுக்க நிற்கும்போது, அந்த மலையில் பிறப்புரிமைக் கணக்குப்படி இருப்பது ஒரே ஒரு செடி. ஏக்கர் கணக்கில் நிற்கிற ஒரே செடி.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் நூறு வயதான விதைத் தேயிலை மலைகள் இன்னும் துண்டு துண்டாக எஞ்சியிருக்கின்றன. விளைச்சல் போதாது என்று கைவிட்டவை, இடையிடையே மிளகும் கராம்பும் ஏறியவை. அவற்றைப் பிடுங்கிக் கறுவா போடவோ வீபீ போடவோ போகிறவர்கள், பிடுங்குமுன் செடிக்கொரு கணு வெட்டி எங்கேயாவது வேர் பிடிக்கவைத்துவிட்டுப் பிடுங்கலாம். நர்சரிப் பையும் நிழல் வலையும் பெரிய செலவில்லை. எந்தச் செடி கொப்புளத்துக்கு அசையாதது, எது வறட்சியைத் தாங்கியது என்று கேட்டால் சொல்வதற்கு, அந்த மலைகளில் கொளுந்து பறித்து ஓய்வு பெற்ற பெண்கள் எல்கடுவையிலும் கம்மடுவையிலும் இன்னும் இருக்கிறார்கள்.